பழைய டெஸ்க்டாப்பில் எந்த ரேம் ஏறும்? – வாசகர் கேள்வி பதில்

ரேம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை ஒன்றாகத் திரட்டியிருக்கிறோம். கேட்டவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழைய மெஷின். கடையில் எல்லோரும் விசாரித்தது "எத்தனை ஜிபி, என்ன விலை?" என்பதை மட்டும்தான். வம்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கேள்விகளில் வரும் ஜி31, ஜி41, எச்61, எச்81 எல்லாம் மதர்போர்டில் இருக்கும் முக்கிய சிப்பான இன்டெல் சிப்செட்டின் பெயர்கள்; அதை வைத்தே போர்டையும் அழைக்கிறார்கள். டிடிஆர்2, டிடிஆர்3 என்பவை ரேமின் தலைமுறைகள்.

கேள்வி: எங்கள் ஜெராக்ஸ் கடையில் இருப்பது அசெம்பிள்ட் கம்ப்யூட்டர். ஜி41 போர்டு, பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி டிடிஆர்3 ரேம். புதிதாக 4 ஜிபி, 1600 மெகாஹெர்ட்ஸ் ரேம் வாங்கிப் போட்டால் டிஸ்ப்ளேயே வரவில்லை. பீப் சத்தம் நிற்காமல் வருகிறது. அதே ரேம் பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் ஓடுகிறது. போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். உண்மையா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: பழைய 2 ஜிபி ரேமைத் திரும்பப் போட்டால் கம்ப்யூட்டர் ஓடுகிறதா? ஓடினால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம். புது ரேமிலும் பழுது இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

4 ஜிபி ரேமை இரண்டு விதமாகச் செய்யலாம். 2 கிகாபிட் சிப் பதினாறு வைத்து, பக்கத்துக்கு எட்டாக இரண்டு பக்கமும் நிரப்புவது ஒரு விதம். 4 கிகாபிட் சிப் எட்டு வைத்து ஒரே பக்கத்தில் முடித்துவிடுவது இன்னொரு விதம். இரண்டிலும் மொத்தம் 32 கிகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் 4 ஜிபி. பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் ஒன்றுதான். ஆனால் ஜி41 போர்டுக்கு இரண்டும் ஒன்றல்ல.

காரணம் இதுதான். 2 கிகாபிட் சிப்பில் ஒரு வரிசையைத் தேட 15 முகவரி பிட் போதும். 4 கிகாபிட் சிப்புக்கு 16 பிட் வேண்டும். ஜி41 காலத்து போர்டுகளில், ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள் இல்லை. ஹீட் சிங்க்குக்கு அடியில் இருக்கும் அந்த சிப்செட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பதினாறாவது பிட் அதற்குத் தெரியாது. அதனால் சில போர்டுகள் 4 ஜிபியை 2 ஜிபி என்று காட்டும். பல போர்டுகள் உங்களுடையதைப் போலக் கத்திவிட்டு நின்றுவிடும். பயாஸ் (போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தாலும் இது தீராது. ப்ராசசரை மாற்றினாலும் தீராது.

1600 என்ற எண்ணால் வந்த வினையும் இல்லை இது. வேகம் கூடிய ரேம், போர்டு எந்த வேகத்துக்கு இறங்கச் சொல்கிறதோ அந்த வேகத்துக்கு இறங்கி ஓடிவிடும்.

இப்போது வாங்கிய புது ரேமைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எட்டு சிப், மறுபக்கம் வெறும் பச்சைப் பலகை என்றால், அதுதான் 4 கிகாபிட் வகை. லேபிளில் "4ஜிபி 1ஆர்×8" என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது "4ஜிபி 2ஆர்×8". லேபிள் கிழிந்திருந்தால் சிப்பின் மேல் பொடி எழுத்தில் இருப்பதை டார்ச் அடித்துப் படிக்கலாம். சாம்சங் சிப் என்றால் "கே4பி2ஜி08..." என்று தொடங்குவது 2 கிகாபிட், "கே4பி4ஜி08..." என்று தொடங்குவது 4 கிகாபிட். ஹைனிக்ஸ் என்றால் "எச்5டிகியூ2ஜி8..." சரி, "எச்5டிகியூ4ஜி8..." வேண்டாம். முழு ரேமின் பார்ட் நம்பரை வைத்துத் தேடுவதானால், சாம்சங்கில் "எம்378பி5273" என்பதும் ஹைனிக்ஸில் "எச்எம்டி351யு6" என்பதும் ஜி41-க்கு ஏற்ற பதினாறு சிப் வகை. "எம்378பி5173", "எச்எம்டி451யு6" இரண்டும் எட்டு சிப் வகை, அவற்றைத் தொடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். 2 ஜிபி ரேமில் ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருந்தால் அது 2 கிகாபிட் சிப்தான். ஜி41-இல் தாராளமாக ஓடும். "ரெண்டு பக்கமும் சிப் இருந்தாதான் பழைய போர்டுல ஓடும்" என்று கடைகளில் சொல்வது 4 ஜிபிக்கு மட்டுமே பொருந்தும்.

ஜெராக்ஸ் கடை வேலைக்கு, இருக்கும் 2 ஜிபியோடு இன்னொரு 2 ஜிபி சேர்த்தாலே போதும் என்பது எங்கள் எண்ணம். செலவும் குறைவு, ஒத்துவராத சிக்கலும் கிட்டத்தட்ட இல்லை. போட்டோஷாப், பெரிய பிடிஎஃப் என்று ஓடுமானால் 2ஆர்×8 வகையில் இரண்டு 4 ஜிபி போடலாம். 8 ஜிபிதான் ஜி41-இன் உச்சவரம்பு. வாங்கிய ரேமைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தால் கவலை வேண்டாம். எச்61, எச்81 போர்டு வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார்.

கேள்வி: கேபினெட்டைக் கழற்றாமல் என்ன போர்டு, என்ன ரேம் என்று கண்டுபிடிக்க முடியுமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் "மெயின்போர்டு" பக்கத்தில் போர்டின் மாடலும் சிப்செட்டும் வரும். "எஸ்பிடி" பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டையும் தேர்ந்தெடுத்தால் அதில் இருக்கும் ரேமின் அளவு, கம்பெனி, பார்ட் நம்பர் தெரியும். எந்த விவரமும் இல்லாவிட்டால் அந்த ஸ்லாட் காலி. இந்த இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

"மெமரி" பக்கத்தில் 665 என்று காட்டுகிறதே, 1333 வாங்கினோமே என்று பலர் பதறுகிறார்கள். அங்கே காட்டுவது உண்மையான கடிகார வேகம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் என்பதால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். லேபிளில் வரும் பெரிய எண்ணும் இதே கதைதான்: பிசி3-8500 என்றால் 1066, பிசி3-10600 என்றால் 1333, பிசி3-12800 என்றால் 1600. எட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கேள்வி: எச்61 போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3. ஒரு 4 ஜிபி 1333 ரேம் இருக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் 8 ஜிபி 1600 போடலாமா? அளவும் வேகமும் வேறு வேறாக இருக்கக் கூடாது என்கிறார்கள். கடையில் "1.35 வோல்ட்" என்று ஒரு வகையும் காட்டினார்கள். – வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். மொத்தம் 12 ஜிபி கிடைக்கும். வேகம் 1333-தான் இருக்கும். அதற்குப் பழைய ரேம் ஒரு காரணம், இரண்டாம் தலைமுறை ப்ராசசரின் உச்சமே 1333 என்பது இன்னொரு காரணம். 1600 வேண்டுமானால் மூன்றாம் தலைமுறை ப்ராசசர் வேண்டும். அதற்காக ப்ராசசரை மாற்றுவது வீண் செலவு. சாதாரண வேலையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

அளவு வேறாக இருந்தால் ஓடாது என்பதும் சரியல்ல. இரண்டு ஸ்லாட்டிலும் பொதுவாக உள்ள 4 + 4 ஜிபி இரட்டைச் சேனலாக, அதாவது இரண்டு ரேமிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும்படி ஓடும். மிச்சம் 4 ஜிபி ஒற்றைச் சேனலாக ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் போர்டின் டிஸ்ப்ளேயிலேயே வீடியோ, கேம் ஓட்டுபவர்களுக்கு இரட்டைச் சேனல் நல்ல பலன் தரும். அதனால் 8 ஜிபி போதும் என்றால் ஒரே 8 ஜிபியாக வாங்குவதைவிட 4 + 4 நல்லது.

1.35 வோல்ட் என்பது டிடிஆர்3எல். அது 1.5 வோல்ட்டிலும் ஓடும்படி செய்யப்பட்டது, உங்கள் போர்டில் தயங்காமல் போடலாம். தகட்டுக் கவசம் போட்டு 1.65 வோல்ட் என்று எழுதிய பழைய கேமிங் ரேம் மட்டும் வேண்டாம். அந்த வோல்டேஜை எச்61 போர்டு பல சமயம் கொடுக்காது. கொடுத்தாலும் ப்ராசசருக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு நல்லதல்ல. இந்தத் தலைமுறை போர்டுகளில் ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. ஒரே 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் என்று யாராவது விற்றால் அது உங்களுக்கானதல்ல.

கேள்வி: ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 டெஸ்க்டாப் ரேம் கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா? என்னிடம் இருப்பது இன்டெல் எச்81. – வாசகர், திருநெல்வேலி

பதில்: பாதி விலை என்றால் அனேகமாக இரண்டில் ஒன்று.

முதலாவது, சர்வரிலிருந்து கழற்றியது. டிடிஆர்3 சர்வர் ரேமும் அதே 240 பின்தான், பின்களுக்கு நடுவே உள்ள வெட்டும் அதே இடத்தில்தான் இருக்கும், அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. லேபிளில் பிசி3-10600 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். "யு" என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். "ஆர்" என்றால் ரெஜிஸ்டர்டு, அதாவது சர்வர் ரேம். "இ" என்றால் பிழை திருத்தும் வகை. கண்ணால் பார்த்தும் சொல்லலாம்: டெஸ்க்டாப் ரேமில் பக்கத்துக்கு எட்டு சிப் இருக்கும், சர்வர் ரேமில் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கும், நடுவில் வேறு வடிவத்தில் இன்னொரு சின்ன சிப்பும் இருக்கும்.

இரண்டாவது வகைதான் கூடுதல் தந்திரமானது. விளம்பரத்தின் அடியில் எங்காவது "ஏஎம்டிக்கு மட்டும்" என்று எழுதியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட்டுக்குப் பதில் 4 பிட் அகலம் கொண்டது. ஏஎம்3 போன்ற சாக்கெட் உள்ள ஏஎம்டி போர்டுகள் அதை ஏற்கும்; இன்டெல் டெஸ்க்டாப் கன்ட்ரோலர்களுக்கு அந்த அகலம் ஆகாது. இதில் சிப்பை எண்ணிப் பயனில்லை, இதிலும் பதினாறுதான். சிப்பின் மேல் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்: சாம்சங்கில் "4ஜி08" என்று இருக்க வேண்டிய இடத்தில் "4ஜி04" என்று இருந்தால் ஏஎம்டி சரக்கு. படத்தில் சிப் தெளிவாகத் தெரியாத விளம்பரத்தை விட்டுவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லாதவர்களிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஜி31 போர்டு, 2 ஜிபி டிடிஆர்2. 8 ஜிபி ஆக்க முடியுமா? – வாசகர், அரியலூர்

பதில்: முடியாது. ஜி31-இன் உச்சம் 4 ஜிபி. இரண்டு 2 ஜிபி டிடிஆர்2-800 பழைய சரக்காக மலிவாகக் கிடைத்தால் போடுங்கள். புதிதாகத் தேடி விலை கொடுக்கும் அளவுக்கு அந்த மெஷினில் ஒன்றும் இல்லை. டிடிஆர்3 ஸ்டிக்கை அதில் அழுத்திப் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் 240 பின் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

கேள்வி: எங்கள் போர்டில் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் ஸ்லாட் இருக்கிறது. இரண்டையும் நிரப்பலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. இது காம்போ போர்டு. ஏதாவது ஒரு வகைதான் ஓடும். டிடிஆர்3-ஐத் தேர்ந்தெடுங்கள், டிடிஆர்2-ஐக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: 4 + 4 என்று 8 ஜிபி போட்டேன். விண்டோஸ் 7-இல் "8 ஜிபி (3.2 ஜிபி பயன்படுத்தலாம்)" என்று வருகிறது. ஒரு ரேம் கெட்டுவிட்டதா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: 8 ஜிபி என்று காட்டுவதால் போர்டு இரண்டையும் பார்த்துவிட்டது. ரேம் கெடவில்லை. அதே திரையில் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் பாருங்கள். 32 பிட் என்று இருந்தால் காரணம் அதுதான்; 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, அந்த நான்கிலும் ஒரு பகுதி டிஸ்ப்ளேக்கும் மற்ற சாதனங்களுக்கும் போய்விடும். 64 பிட் விண்டோஸை முதலிலிருந்து நிறுவ வேண்டும். 32 பிட்டின் மேலேயே 64 பிட்டை ஏற்ற வழி கிடையாது என்பதால் சி டிரைவில் இருப்பதை முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். டேலி, பழைய பிரின்டர், ஸ்கேனர் வைத்திருந்தால் 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ப்ரின்டருக்கு டிரைவர் இல்லாமல் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

64 பிட் என்றே இருந்தால் வேறு மூன்று இடங்களில் தேட வேண்டும். "ரன்" பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, "பூட்" பக்கத்தில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" திறந்து, "மேக்சிமம் மெமரி" என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் கூடும் என்று நம்பி யாராவது போட்டிருப்பார்கள். அடுத்து பயாஸில் "மெமரி ரீமேப்" என்று ஒரு வசதி இருந்தால் அது எனேபிள் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் ரேமின் பின்களைச் சுத்தம் செய்து மறுபடி பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: ரேமை நாமே மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்? ஒருமுறை மாற்றிவிட்டு ஆன் செய்தால் ஃபேன் மட்டும் சுற்றியது. – வாசகர், தூத்துக்குடி

பதில்: ஷட்டவுன் செய்து பவர் கேபிளைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கியபின் ஆன் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்; பாலியஸ்டர் சட்டை, கம்பளம் இரண்டும் ஆகாது.

ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் பழைய ரேம் மேலே எழும்பும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் அசையும், மறுமுனையை நெம்ப வேண்டாம். புது ரேமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் இரு முனையையும் ஒன்றாக அழுத்துங்கள். கிளிப் தானாக "டக்" என்று மூடிக்கொள்ள வேண்டும். நாம் கையால் கிளிப்பைத் தள்ளி மூடினால் ரேம் முழுதாக இறங்கியிருக்காது. ஃபேன் மட்டும் சுற்றுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பின்களில் படியும் கறை. உங்கள் ஊர் மாதிரி கடற்காற்று அடிக்கும் இடங்களில் சீக்கிரம் படியும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால், தங்க நிறப் பின்களை மேலிருந்து கீழாக மெதுவாகத் தேயுங்கள். பக்கவாட்டில் தேய்க்க வேண்டாம். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் முலாமையே எடுத்துவிடும். ரப்பர் துகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர விட்டுப் போடுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். பெயின்ட் பிரஷ் போதும்.

அப்படியும் வரவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை வைத்து ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். ஒரு ஸ்லாட்டில் எந்த ரேமும் ஓடவில்லை என்றால் ஸ்லாட் கோளாறு. ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் ரேம் கோளாறு. போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் பயாஸ் பழைய அமைப்பை மறந்து புதிதாகத் தொடங்கும், சில சமயம் அதுவே தீர்த்துவிடும்.

கேள்வி: ஆபீஸ்களில் ஓடிய டெல், எச்பி டெஸ்க்டாப் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்றிருக்கிறோம். ரேம் கூட்டுவதில் ஏதும் சிக்கல் உண்டா? – வாசகர், வேலூர்

பதில்: மாடலைப் பார்த்து வாங்கினால் சிக்கல் இல்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020 என்றால் இரண்டு ஸ்லாட், 9020 டவர் என்றால் நான்கு ஸ்லாட், இரண்டும் டிடிஆர்3. அதே 9020-இல் கையடக்கமான மைக்ரோ வடிவம் வாங்கினால் டெஸ்க்டாப் ரேம் உள்ளேயே போகாது, லேப்டாப்பில் போடும் 204 பின் சின்ன ரேம்தான் வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ளவற்றில் முதலில் வெள்ளைக் கிளிப் உள்ள இரண்டையும் நிரப்புங்கள்.

ரேம் மாற்றியபின் டெல்லில் "மெமரி அளவு மாறியிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்து நிற்கும். அது பிழை அல்ல. எஃப்1 அழுத்தினால் தொடரும். அந்தக் காலத்து டெல்லில் இரண்டு பீப் என்றால் ரேமே தெரியவில்லை, நான்கு என்றால் ரேம் பழுது. எச்பியில் சிவப்பு விளக்கு ஐந்து முறை மின்னி ஐந்து பீப் வந்தால் ரேம் தகராறு. 213 என்ற எண்ணோடு செய்தி வந்தால் ஒத்துவராத ரேம்.

கேள்வி: 4 ஜிபி இருக்கிறது, விண்டோஸ் 10 ஆமை வேகம். 8 ஜிபி ஆக்கினால் சரியாகுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாங்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். "மெமரி" 85, 90 சதவீதத்தில் நிற்கிறது என்றால் ரேம் கூட்டினால் பலன் உண்டு. மெமரி 60 சதவீதம், "டிஸ்க்" மட்டும் 100 என்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். 8 அல்ல, 16 ஜிபி போட்டாலும் ஆமை ஆமைதான். அந்தக் காசில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பாக ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸை அதில் ஏற்றுங்கள். இரண்டும் ஏறி நின்றால், எங்கள் வோட்டு முதலில் எஸ்எஸ்டிக்கு.

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய ரேம் வாங்கினால் நல்லதுதானா என்று எப்படிச் சோதிப்பது? – வாசகர், சென்னை

பதில்: கடையில் ஆன் செய்து காட்டுவது சோதனை ஆகாது. பாதி கெட்ட ரேமும் விண்டோஸ் வரை போகும். இரண்டு நாள் கழித்து நீலத் திரை வரும், பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும், பெரிய ஜிப் கோப்பு திறக்காமல் அடம்பிடிக்கும். அதனால் மாற்றிக் கொடுக்க ஒரு வாரமாவது தவணை கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலை பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இரவு படுக்கும்போது ஓடவிட்டால் காலைக்குள் பல சுற்று முடிந்திருக்கும். சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். "ஒரு எரர்தானே" என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டு ரேம் சேர்ந்திருக்கும்போது பிழை வந்தால், ஒவ்வொன்றாகத் தனியே போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே எதைத் திருப்புவது என்று முடிவு செய்யுங்கள். தனித்தனியே இரண்டும் பிழையில்லாமல் ஓடி, சேர்ந்தால் மட்டும் பிழை வருகிறதா? பயாஸில் மெமரி வேகத்தை ஒரு படி இறக்கி (1600 என்றால் 1333) இன்னொரு இரவு ஓட்டுங்கள். அப்போது பிழை நின்றுவிட்டால் அந்த வேகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டால் தவணை முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.